இடது ஆள்காட்டி விரல்

இகாயினோ, ஒசாகா
பிப்ரவரி 19, 1984

தம்பி தேசுவுக்கு,

நலமா? தோக்கியோவில் பனி கொட்டுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். கம்பளி உள்சட்டை போட்டுக்கொள்கிறாயா? இங்கே மூவரும் நலம். உன் அத்தானின் இருமல்தான் விடவில்லை. ஜன்னலைத் திறந்தால் குளிர், மூடினால் செருப்புப் பசையின் நெடி. நடுவில் உட்கார்ந்து இருவரும் நாளுக்கு இருநூறு ஜோடி ஒட்டுகிறோம்.

ஹேரானுக்குப் போன மாதம் பதினாறு முடிந்தது. உன் காலத்தில் பதினான்கு, இப்போது பதினாறு. நம் கொரியப் பிள்ளைகள் விரல்ரேகை வைத்து வாங்க வேண்டிய அந்நியர் பதிவுப் புத்தகத்துக்காக அவளைச் செவ்வாய்க்கிழமை வட்ட அலுவலகத்துக்குக் கூட்டிப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் நம் தெருமுனை நிஷிதா. அவர் மகள் ஹருமியும் இவளும் ஒரே வகுப்பு.

"இடது ஆள்காட்டி விரலை இப்படிக் குடும்மா. நானே மையில உருட்டி வச்சிடறேன். ஒரு நிமிஷ வேலை" என்றார்.

"ஹருமி எப்ப சார் வருவா?"

"அவ எதுக்கு வரணும்?"

"அவளுக்கும் பதினாறு ஆயிடுச்சே. ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியிலதான் பொறந்தோம். அவளையும் கூட்டிட்டு வாங்க, சேர்ந்தே வச்சிடறோம்."

நிஷிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவள் இடுப்பில் கிள்ளினேன். அவள் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, "வைக்கமாட்டேன்" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

நீ சட்டம் செய்கிறவருக்குச் செயலாளராக இருக்கிறாய். இவளை என்ன செய்வார்கள்? உடனே எழுது.

உன் அக்கா,
மியோங்ஜா

*

தோக்கியோ
மார்ச் 11, 1984

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அத்தானின் இருமலுக்கு மருந்து தனியே அனுப்பியிருக்கிறேன். வெந்நீரில் கலந்து கொடுங்கள்.

ஹேரான் விஷயம். விரல்ரேகை வைக்க மறுப்பவர்களுக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம். சிறை வரை போவது அரிது. ஆனால் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர அனுமதி கிடைக்காது. அப்பாவின் நினைவு நாளுக்குக் கொரியாவுக்கு, ஜேஜு தீவுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அதையும் யோசியுங்கள். இத்தனை பேர் வைத்துவிட்டுப் பேசாமல் வாழ்கிறார்கள். அவளுக்குப் புத்திமதி சொல்லி, மாதம் முடிவதற்குள் வைக்கச் செய்வதே நல்லது.

தொகிமோரி ஐயா இவ்வாண்டு நாடாளுமன்றத்தின் சட்டத்துறைக் குழுவில் இருக்கிறார். வேலை அதிகம்.

இன்னொன்று. இனி அலுவலக முகவரிக்கு எழுத வேண்டாம், அங்கே தபாலை எல்லோரும் பிரிப்பார்கள். என் அறை முகவரிக்கே எழுதுங்கள். உறையின் பின்புறம் தகாயாமா என்று ஜப்பானியப் பெயரைப் போட்டால் வசதி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
குரோகி யசுவோ

*

இகாயினோ
மார்ச் 25, 1984

தேசு,

மருந்து வந்தது. அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான் அரசாங்க மருந்து அனுப்பியிருக்கான். கசப்பு அதிகம், குணம் தெரியல" என்றார். கோபித்துக்கொள்ளாதே, அவர் எல்லோரையும் அப்படித்தான் சொல்வார்.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எப்போதிலிருந்து நான் உனக்கு 'நீங்கள்' ஆனேன்? உறையின் மேல் நீ சொன்னபடியே எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துப் பார்த்தால், முன்பக்கம் குரோகி என்று ஒரு ஜப்பானியன், பின்பக்கம் தகாயாமா என்று ஒரு ஜப்பானியப் பெண். யாரோ இருவர் கடிதம் போட்டுக்கொள்கிறார்கள்.

ஹேரான் இப்போது பள்ளிப் பதிவேட்டிலும் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டாள். தகாயாமா கெய்கோ இல்லை, கோ ஹேரான். ஆசிரியர் என்னை அழைத்து, "உங்க பொண்ணு நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். இந்தப் பேரோட எந்தக் கம்பெனியில சேர்ப்பாங்க?" என்று கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடம். மறுநாள் அவள் மேசையில் யாரோ மைப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். "வை, வை, ஒரு நிமிஷம்தான்" என்று பின்னாலிருந்து பையன்கள் பாடினார்களாம். ஹருமிதான் அந்தப் பெட்டியை ஜன்னல் வழியாக வீசினாளாம்.

உனக்குப் பதினான்கு வயதில் ரேகை வைக்க உன்னைக் கூட்டிப் போனது நான்தான். நினைவிருக்கிறதா? திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் நின்று, அந்த விரலைச் சிமெண்டுச் சுவரில் ரத்தம் வரும்வரை தேய்த்தாய். சைக்கிள் சங்கிலியில் மாட்டிக்கொண்டது என்று அப்பாவிடம் சொன்னாய். நானும் ஆமாம் என்றேன். அதனால்தான் உன்னைக் கேட்டேன். சட்டப் பிரிவு தெரிந்துகொள்ள இங்கேயே ஒரு வக்கீல் இருக்கிறார்.

அக்கா

*

தோக்கியோ
ஜூன் 30, 1984

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா? நான் நலம். பதில் எழுத மூன்று மாதம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மழைக்காலம் தொடங்கிவிட்டது. அறையில் காலணியில்கூடப் பூஞ்சை பிடிக்கிறது. ஷிசுவோக்காவிலிருந்து புதுத் தேயிலை வந்தது, அனுப்பியிருக்கிறேன். கொதிக்கும் நீரை ஊற்றாதே, கொஞ்சம் ஆறவிட்டு ஊற்று.

குழுவின் வேலை நாள் முழுக்க ஓடுகிறது. ஐயாவின் உரைகள் அதிகம். வேறு செய்தி ஒன்றும் இல்லை.

ஹேரான் நன்றாகப் படிக்கட்டும்.

யசுவோ

*

இகாயினோ
ஜூலை 22, 1984

தேசு,

நலம். தேயிலை கிடைத்தது.

வெள்ளிக்கிழமைச் செய்தித்தாளில் உங்கள் தொகிமோரி ஐயாவின் பேச்சு வந்திருக்கிறது. பசைப் பலகைக்கு அடியில் விரிக்க எடுத்த தாள். விரல்ரேகை சட்டத்தைப் பற்றிக் குழுவில் பேசினாராம். நேர்மையாக வாழும் வெளிநாட்டவர் எவரும் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வரி: 'கழுவிய கையை யாரிடமும் நீட்டலாம்.'

அத்தானிடம் படித்துக் காட்டினேன். "நல்லாத்தான் பேசறான் பாவி" என்றார். அவருக்குத் தெரியாது, அவர் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

அந்த வரி எந்தப் பழமொழிப் புத்தகத்திலும் இல்லை, தேசு. ஜேஜுவிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாலையில் அப்பா பசையைச் சுரண்டிக் கழுவிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நம் இருவர் முன்னாலும் கையை விரித்துக் காட்டுவாரே, அப்போது அவர் சொன்னது. அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

ஒருத்தி செருப்பு ஒட்டுகிறாள்.

மியோங்ஜா

*

இகாயினோ
செப்டம்பர் 16, 1984

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமாக இருக்கிறீர்களா? நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலையிலிருந்து உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அம்மா தபால்காரரைப் பார்க்காத மாதிரி பார்க்கிறாள்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பெரியவர்களும் திரும்ப ரேகை வைக்க வேண்டும் அல்லவா? அம்மாவின் முறை இந்த மாதம். "நான் வச்சிடறேன். வீட்டுக்கு ஒரு பைத்தியம் போதும்" என்றுதான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நல்ல ரவிக்கை போட்டுக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

நிஷிதா சாரின் மேசையில் மைத்தட்டு தயாராக இருந்தது. அம்மா விரலை நீட்டினாள். அவர் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேகையே இல்லையேம்மா, வழவழன்னு இருக்கே" என்றார். முப்பது வருடமாகப் பசையும் தின்னரும் தொட்ட விரல். "வேற விரல் பார்ப்போமா?" என்று நடுவிரல், மோதிரவிரல் என்று ஒவ்வொன்றாகத் தேடினார். அவருக்கே வியர்த்துவிட்டது. அம்மா தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"போதும் நிஷிதா சான். இந்த ஊர்க்காரங்க கால்ல போட்டு நடக்கிற செருப்புலதான் அந்த ரேகை எல்லாம் போச்சு. வேணும்னா அங்க போய்த் தேடிக்குங்க."

நிஷிதா சார் எழுந்து நின்று தலைகுனிந்தார். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. பின்பு 'மறுத்தார்' என்று படிவத்தில் எழுதினார். வேறு வழியில்லை அவருக்கு.

தாத்தாவின் நினைவு நாளுக்கு எடுத்திருந்த ஜேஜு பயணச்சீட்டை அம்மா மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மாமா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். எனக்கு ஓட்டு இல்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இல்லை. இந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் எங்களிடம் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய அவசியமே இல்லை. அப்படியானால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? எங்களுக்குத் தெரிந்து அந்தக் கட்டடத்துக்குள் போய்வருகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோ ஹேரான்

*

தோக்கியோ
நவம்பர் 4, 1984

அக்கா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஹேரான் எனக்கு எழுதினாள். அவளைத் திட்டாதே.

அந்தப் பேச்சை எழுதியது நான்தான். நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மார்ச்சிலேயே அந்த வேலை என்னிடம் வந்துவிட்டது. ஹேரானை விரல் வைக்கச் சொல்லி உனக்கு எழுதியபோது, மேசையின் மறுபக்கத்தில் அதன் முதல் படி கிடந்தது. கடைசி வரி எப்படி வந்தது என்று தெரியவில்லை. முடிவு சரியாக அமையாமல் இரண்டு நாள் தவித்தேன். பிறகு கை தானாக எழுதிவிட்டது. ஐயா படித்துவிட்டு, "இதுதான்யா பேச்சு" என்று தட்டிக்கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, யாரிடமும் சொல்லாதது. அறுபத்தொன்பதில் நான் ஜப்பான் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பெயரை மாற்றினால் போதும் என்றுதான் நீங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அங்கே ஒரு சின்ன அறையில் பத்து விரலையும் வாங்கினார்கள், அக்கா. ஒன்றிலிருந்து தப்பிக்கப் போய்ப் பத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து சுவர் எதையும் தேடவில்லை. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஹேரானின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் திரிந்தேன். போன திங்கட்கிழமை ஐயாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "நான் ஒரு கொரியன். என் பெயர் ஹியோன் தேசு. என் அக்கா ஒசாகாவில் ரேகை வைக்க மறுத்திருக்கிறாள்" என்றேன்.

அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியுமே" என்றார். "உன்னை வேலைக்கு எடுக்கும்போதே உன் குடும்பப் பதிவேட்டைப் பார்த்தேன். அதுல எழுதியிருக்கே."

"தெரிஞ்சுமா அந்தப் பேச்சை என்னை எழுதச் சொன்னீங்க?"

"தெரிஞ்சதாலதான் குரோகி. வேற யார்கிட்டக் குடுத்தாலும் உங்க ஆளுங்களை இன்னும் கேவலமா எழுதியிருப்பான். உன் கையில குடுத்தா மரியாதையா இருக்கும்னு நெனச்சேன். இருந்ததில்ல?"

அவர் பொய் சொல்லவில்லை, அக்கா. உண்மையாகவே அதை எனக்குச் செய்த நன்மை என்று நினைத்திருக்கிறார். பதினைந்து வருடம் நான் ஒளித்து வைத்ததை முதல் நாளிலிருந்தே தெரிந்து வைத்திருந்தவரின் முன்னால், திருடனைவிடக் கேவலமாக நின்றேன்.

மறுநாள் ஐந்து கேள்விகள் எழுதி, குழுவில் கேட்கும்படி அவர் மேசையில் வைத்தேன். இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "கேட்பேனா மாட்டேனாங்கிறது என் பாடு" என்றார்.

மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த வார்த்தையை மற்றவர்களுக்காக நிறைய எழுதியிருக்கிறேன். இப்போது எழுத வரவில்லை.

தேசு

*

இகாயினோ
மே 12, 1985

தேசு,

நலமா? நாங்கள் நலம். ஹேரான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டாள். அத்தான் புகைப்பதை விட்டுவிட்டதாகச் சொல்கிறார். மாடிக்குப் போய்ப் பிடிக்கிறார்.

உன் கடிதம் வந்து ஆறு மாதம் ஆகிறது. பதில் போட நினைத்துப் பல நாள் தாளை எடுத்தேன். ஒரு நாள் உன்மேல் கோபமாக இருக்கும், மறுநாள் அந்தச் சின்ன அறை நினைவுக்கு வரும். பத்து விரல் என்று எழுதியிருந்தாயே. நான் உன்னோடு வந்திருக்க வேண்டும். உன் பதினான்கு வயதில் கூட வந்தவள், இருபத்து மூன்று வயதில் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன்.

குளிர்காலத்தில் காவல் நிலையத்திலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. போகவில்லை. நான்காவது முறை அவர்களே வந்தார்கள். ஒரு நாள் வைத்திருந்து விட்டுவிட்டார்கள். அடித்தார்களா என்று கேட்காதே, அடிக்கவில்லை. இப்போது வழக்கு.

இம்மாதம் 28, காலை பத்து மணி, நீதிமன்றத்தில். குடும்பத்தாருக்கு முன்வரிசையில் மூன்று இடம். அத்தான், ஹேரான் போக ஒன்று இருக்கிறது. பெரிய வாசலில் பத்திரிகைக்காரர்கள் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் யார் என்று கேட்கிறார்களாம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அதில் யாரும் நிற்பதில்லை என்று வக்கீல் சொன்னார். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

ரயிலில் சாப்பிட்டுவிட்டு வராதே.

அக்கா

*

இகாயினோ
ஜூன் 2, 1985

அன்புள்ள மாமா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அம்மா கட்டிக் கொடுத்த கிம்ச்சி ஊறுகாய் ரயிலில் மணந்ததா? அப்பா சொன்னார், "அந்தப் பெட்டியில இருந்த ஜப்பான்காரங்க எல்லாம் அடுத்த ஸ்டேஷன்லயே இறங்கியிருப்பாங்க" என்று.

நீங்கள் போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அம்மா அன்று முன்பே உள்ளே போய்விட்டாள் அல்லவா? பெரிய வாசலில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. நீங்கள் படியேறியதும் அந்தப் பத்திரிகைக்காரர் குறிப்பேட்டை நீட்டியதையும், நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் நின்று கேட்டவள் நான்தான். சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது அம்மாவிடம் சொன்னேன்.

"அவர் என்னன்னு கேட்டார்?"

"நீங்க யாருன்னு கேட்டார்மா."

"தேசு என்ன சொன்னான்?"

"'தம்பி'ன்னு சொன்னார்."

"பேரு சொல்லலையா?"

"அப்புறம்தான் பேரைக் கேட்டாங்க. 'ஹியோன் தேசு. குரோகி யசுவோன்னும் எழுதிக்குங்க, ரெண்டும் நான்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருத்தருக்குச் செயலாளர்'னு சொன்னார்."

"முதல்ல என்ன சொன்னான்?"

"தம்பின்னு."

தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூன்றாவது தடவையும் கேட்டாள். அப்பாதான், "அடியே, அவன் ஒரு தடவைதான் சொன்னான். நீ எத்தனை தடவை வாங்கிப்பே?" என்றார்.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் என்கிறார்கள். என்னையும் அடுத்து அழைப்பார்கள் போலிருக்கிறது. உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே? அம்மா கேட்கச் சொல்லவில்லை. ஆனால் கேட்டுவிட்டாயா என்று இரண்டு முறை கேட்டாள்.

ஹேரான்

*

தோக்கியோ
டிசம்பர் 15, 1985

அன்புள்ள அக்கா,

நீ, அத்தான், ஹேரான் மூவரும் நலமா? அபராதம் என்ற தீர்ப்பையும், மேல்முறையீடு செய்வதையும் வக்கீல் எழுதியிருந்தார். எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பத்திரிகையில் பெயர் வந்த மறுவாரம் ஐயா என்னைத் தொகுதி அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே உள்ளூர் ஆதரவாளர்கள் என்னோடு ஒரே மேசையில் தேநீர் குடிக்காமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார்கள். பத்து வருடமாக என் திருமணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. நவம்பரில் ஐயாவே திரும்ப அழைத்துக்கொண்டார். காரணம் சொல்லவில்லை.

போன செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். நான் பின்னால் சுவரோரம் இருந்தேன். மீன்பிடித் துறைமுக நிலப் பதிவு பற்றி அவர் பேச வேண்டிய நாள். பேசி முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். என் கையெழுத்து. ஐந்து கேள்விகளில் மூன்றாவதை மட்டும் படித்தார். 'இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர், தாம் சொல்லும் ஆள் அல்ல என்று விரல்ரேகையால் கண்டுபிடிக்கப்பட்டது உண்டா? ஒரே ஒரு நிகழ்வைச் சொல்ல முடியுமா?'

அதிகாரி தாள்களைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து கேட்டார். மறுபடி புரட்டினார். கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிடுவதுதான் வழக்கம். ஐயா உட்காரவில்லை. அவருக்கு முழங்கால் வலி, உனக்குத் தெரியாது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கட்சிக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். "எழுத்துமூலம் பின்னர் தருகிறோம்" என்று அதிகாரி சொல்லும்வரை நின்றார்.

அவ்வளவுதான், அக்கா. சட்டம் மாறவில்லை. இன்றும் நிஷிதாவின் மேசையில் யாராவது ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற நான்கு கேள்விகளையும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். ஐயாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன். அதோடு என்னை அனுப்பிவிட்டாலும் அனுப்பிவிடுவார்.

கூட்டம் முடிந்து நடைவழியில் வரும்போது, "உங்க அக்காவுக்கு நான் ஒரு கடிதம் எழுதணும், குரோகி" என்றார். "எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. நீ வழக்கம்போல எழுதிக் குடுத்துடேன், கையெழுத்துப் போட்டுடறேன்."

"இல்லங்க ஐயா. இதை நீங்கதான் எழுதணும்."

நின்று என்னைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "எழுதிப் பழக்கமே விட்டுப்போச்சேய்யா" என்று சொல்லிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். உன் வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் மேசைமேல் வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பார்த்தேன், குப்பைக்கூடையில் கசக்கிய தாள்கள் நான்கைந்து கிடந்தன.

தாமதமாகலாம். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுமையாகப் படி.

தேசு